உஷார்! மூக்கு ஸ்ப்ரேயைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!

"தும்மலுக்குக் காரணம் மூக்கு அல்ல, குடல். தினம் ஒரு புரோபயாடிக் கேப்சூல் போடுங்கள். ஸ்ப்ரேயைக் குப்பையில் போடுங்கள்." இப்படி ஒரு வாட்ஸ்அப் தகவல் உங்களுக்கும் வந்திருக்கலாம். முதல் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டாம் பாதிதான் ஆபத்து!

உண்மை எவ்வளவு? அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் மூக்கு அலர்ஜி உள்ள 173 பேரிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. மகரந்தம் பறக்கும் பருவத்தில் 8 வாரம், ஒரு பிரிவினருக்கு மூன்று வகை நல்ல பாக்டீரியா கலந்த புரோபயாடிக் கேப்சூல், மற்றவர்களுக்கு வெற்றுக் கேப்சூல். பாக்டீரியா சாப்பிட்டவர்களுக்குத் தொந்தரவு குறைந்தது. ஆனால், கடுமையான அலர்ஜி உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. எப்படிக் குறைந்தது என்பது ஆய்வாளர்களுக்கே பிடிபடவில்லை.

மூக்கு அலர்ஜிக்கு புரோபயாடிக் கொடுத்துப் பார்த்த 23 ஆய்வுகளை 2015இல் ஒன்றாக அலசினார்கள். 17இல் ஏதோ ஒரு வகையில் பலன் தெரிந்தது. ஆனால் ஆய்வுக்கு ஆய்வு பாக்டீரியா வேறு, அளவு வேறு, பலனைக் கணக்கிட்ட விதமும் வேறு. ஆகவே, வயிற்றுப்போக்குக்கு வாங்கி வைத்த கேப்சூல் தும்மலையும் நிறுத்தும் என்று நம்பாதீர்கள்!

'நல்ல பாக்டீரியாதானே, என்ன செய்துவிடும்?' என்கிறீர்களா? கடுமையான கணைய அழற்சி வந்த நோயாளிகளுக்கு நெதர்லாந்தில் புரோபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2008இல் வந்தது. புரோபயாடிக் பெற்ற 152 பேரில் 24 பேர் இறந்தனர். பெறாத 144 பேரில் 9 பேர். குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுப்பது பற்றி 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது. கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இன்னொன்று: மூக்கு அலர்ஜியும் ஆஸ்துமாவும் அடிக்கடி சேர்ந்தே வரும். டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்ப்ரேயை நீங்களாக நிறுத்தினால், அடங்கியிருந்த இளைப்பு மறுபடி தலைதூக்கலாம்.

தயிர்சாதம் ஒத்துக்கொள்கிறதா, தாராளமாகச் சாப்பிடுங்கள். கேப்சூல் வேண்டுமென்றால் டாக்டரிடம் பெயரைக் காட்டிக் கேளுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சில் விசில் சத்தம் கேட்டாலோ, வாட்ஸ்அப்பை மூடிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்!