இம்பிளான்ட் பல்: எலும்புக்கும் அவகாசம் வேண்டும்

வாழும் நாட்டில் செலவு அதிகம் என்பதால், விடுமுறைக்கு ஊருக்கோ தமிழ்நாட்டுக்கோ போகும்போது அப்பா அம்மாவுக்கு இம்பிளான்ட் பல் கட்டிவிடலாம் என்று எம்மில் பலர் நினைக்கிறோம். பயணச்சீட்டு எடுக்கும் முன் தாடை எலும்பைப் பற்றியும் சற்று அறிந்துகொள்வோம்.

எலும்பு உயிருள்ளது. தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வது. ஜேர்மனிய மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் 1892இல் இதை ஒரு விதியாகவே எழுதினார். அளவான சுமை எலும்பை உறுதியாக்கும். சுமையே இல்லாவிட்டால் எலும்பு கரையும். அளவு மிஞ்சினாலும் சேதமாகும். பல் விழுந்த இடத்தில் தாடை மெலிவது இதனால்தான்.

இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்ப்படலம் உண்டு. கடிக்கும் விசையை அது மெத்தைபோல் தாங்கிப் பரப்பும். இம்பிளான்ட்டுக்கு அந்த மெத்தை இல்லை. டைட்டானியம் எலும்போடு நேரடியாக ஒன்றிவிடும் என்பதை சுவீடனின் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1950களில் கண்டறிந்து, 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். ஆனால் டைட்டானியம் எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானது. அதனால் விசை திருகாணியின் கழுத்துப் பகுதியில் குவிகிறது. அடிப்பகுதி எலும்புக்குக் குறைவாகவே போய்ச் சேர்கிறது.

இதைச் சரிசெய்யவே வடிவமைப்பாளர்கள் முயல்கிறார்கள். கழுத்தில் நுண்ணிய புரிகள், எலும்பு பற்றிக்கொள்ளச் சொரசொரப்பான மேற்பரப்பு, விறைப்புக் குறைந்த கலப்புலோகங்கள் என்பன அவற்றுட் சில. பொருத்திய அன்று விசை எங்கே விழுகிறது என்பதோடு நில்லாமல், மாதங்கள் செல்லச் செல்ல எலும்பு எப்படி மாறும் என்பதையும் கணினியில் கணித்துப் பார்க்கிறார்கள்.

ஆனாலும் எந்த வடிவமும் காத்திருப்பை முற்றாக நீக்கிவிடவில்லை. ஆரம்ப வாரங்களில் திருகாணி மிகையாக அசைந்தால், அதைச் சுற்றி எலும்புக்குப் பதிலாக நார்த்திசுவே வளரும். எலும்பு ஒன்றிவர வழக்கமாகச் சில மாதங்கள் ஆகும். பொருத்திய உடனேயே பல் கட்டுவதும் உண்டு. அது எல்லோருக்கும் பொருந்தாது. புகைப்பழக்கமும் கட்டுப்பாடற்ற நீரிழிவும் ஆறுதலைத் தாமதப்படுத்தும்.

ஆகவே வைத்தியரிடம் கேட்போம்: எலும்பின் அளவு ஸ்கான் எடுத்துப் பார்க்கப்பட்டதா? மேல்பல் எப்போது கட்டப்படும்? நாம் திரும்பிய பின் யார் பார்ப்பார்கள்? பொருத்திய இம்பிளான்ட்டின் நிறுவனப் பெயர், வகை, அளவு ஆகியவற்றை எழுத்தில் வாங்கி வருவோம். ஒரு நிறுவனத்தின் உதிரிப்பாகம் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அந்த விவரம் இல்லாவிட்டால் இங்குள்ள வைத்தியரும் திண்டாடுவார்.