ரேஸ் கார் எலக்ட்ரானிக்ஸ்: குறைந்த பட்ஜெட்டில் எதை முதலில் வாங்குவது?

கம்ப்யூட்டர் வாங்கும்போது எல்லோரும் கேட்பது பிராசஸரின் வேகத்தை. அதற்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பற்றி யாரும் கேட்பதில்லை. ரேடியோ கண்ட்ரோல் கார் பந்தயத்துக்குப் புதிதாக வருபவர்களும் அப்படித்தான் மோட்டாரின் விலையை முதலில் விசாரிக்கிறார்கள். சாப்ட்வேர் வேலைக்கு நடுவே வார இறுதிகளில் இந்தக் கார்களை ஓட்டுபவன் நான். மோட்டாரைக் கடைசியில் வாங்குங்கள் என்பேன்.

1/10 அளவுள்ள மின்சாரக் கார்களுக்கான 'ஸ்டாக்' பிரிவில், பல கிளப்களில் 17.5 அல்லது 21.5 டர்ன் மோட்டார்தான் அனுமதி. டர்ன் என்பது மோட்டாருக்குள் உள்ள கம்பிச் சுற்று. சுற்று கூடினால் வேகம் குறையும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.யும் 'பிளிங்கி' நிலையில் இருக்க வேண்டும். அந்த நிலையில் டைமிங்கைக் கூட்டி வேகம் பெற முடியாது. ஆக, டர்போ, பூஸ்ட் வசதிகளுக்காகக் கொடுக்கும் பணம் இந்தப் பிரிவில் வீண்.

பணத்தை எதில் போடலாம்? என் வரிசை இது.

1. சார்ஜர்: இதில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். லிப்போ பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் தீப்பிடிக்கலாம். பேலன்ஸ் சார்ஜ் வசதியும், செல்லின் உள்தடையைக் காட்டும் வசதியும் அவசியம். 5000 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 5 ஆம்பியர் போதும். சார்ஜ் ஆகும்போது பக்கத்திலேயே இருங்கள்.

2. டிரான்ஸ்மிட்டர்: கார் மாறினாலும் இது மாறாது. ஆனால் ஒரு கம்பெனியின் டிரான்ஸ்மிட்டரோடு இன்னொரு கம்பெனியின் ரிசீவர் பெரும்பாலும் இணையாது. எனவே ரிசீவரின் விலையையும் முன்கூட்டியே கேளுங்கள்.

3. சர்வோ: முன்சக்கரங்களைத் திருப்புவது இதுதான். 60 டிகிரி திரும்ப 0.10 வினாடி அல்லது அதற்கும் குறைவாக எடுப்பதைப் பாருங்கள். இதற்கு மின்சாரம் இ.எஸ்.சி.யில் உள்ள பெக் பகுதியிலிருந்து வருகிறது. அது பலவீனமாக இருந்தால் வளைவில் ரிசீவர் ஒரு கணம் அணைந்துவிடும்.

4. பேட்டரி: 5000 எம்.ஏ.எச். பேட்டரி 5 நிமிடத்தில் தீர வேண்டுமானால் சராசரியாக 60 ஆம்பியர் இழுக்க வேண்டும். ஸ்டாக் மோட்டார் அவ்வளவு இழுக்காது. எனவே, 5 நிமிடப் பந்தயத்தை ஓடி முடிக்க இதைவிடப் பெரிய பேட்டரி தேவையில்லை. கடினமான பிளாஸ்டிக் உறை உள்ளதை வாங்குங்கள்.

5. மோட்டாரும் இ.எஸ்.சி.யும்: சென்சார் உள்ள ஜோடியாக இருக்கட்டும். கம்ப்யூட்டரில் இணைத்து பர்ம்வேரைப் புதுப்பிக்க முடிகிற இ.எஸ்.சி. என்றால் நீண்ட காலம் உழைக்கும்.

மோட்டார், இ.எஸ்.சி., சர்வோ ஆகியவற்றைச் சோதித்துப் பார்த்துவிட்டு செகண்ட் ஹேண்டிலும் வாங்கலாம். லிப்போ பேட்டரியை மட்டும் அப்படி வாங்காதீர்கள். அது எப்படி நடத்தப்பட்டது என்பது வெளியே தெரியாது.

கடைக்குப் போகும் முன், நீங்கள் ஓட்டப் போகும் கிளப்பின் விதிகளைப் படியுங்கள். அமெரிக்காவின் ரோர் போன்ற அமைப்புகள் அனுமதிக்கப்பட்ட மோட்டார், பேட்டரிகளின் பட்டியலையே வெளியிடுகின்றன. பட்டியலில் இல்லாத மோட்டார் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை வைத்துப் பந்தயத்தில் இறங்க முடியாது.