மனுவில் இல்லாத தங்கம்



தலித் பெண்ணியத் திறனாய்வு எதற்கு என்ற கேள்விக்கு, ப. சிவகாமியின் முதல் நாவலான ‘பழையன கழிதலும்’ (1989) படைப்பில் வரும் ஒரு புகார் மனுவை முன்வைத்துப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

தங்கம் கணவனை இழந்தவள். பிள்ளையில்லை என்று காரணம் சொல்லிக் கணவனின் உடன்பிறந்தவர்கள் நிலத்தில் பங்கு தர மறுக்கிறார்கள். கூலிக்குப் போன இடத்தில் பரஞ்சோதி உடையார் அவளைப் பலவந்தப்படுத்துகிறார். பிறகு உடையாரின் மனைவி வழி உறவினர்களே அவளை அடித்து நொறுக்குகிறார்கள். அவள் தலித் தலைவர் காத்தமுத்துவிடம் அடைக்கலம் தேடுகிறாள். அவரோ, மேல்சாதித் தெரு வழியாக நடந்ததற்காக அடித்தார்கள் என்று மனுவை மாற்றி எழுதுகிறார். வழக்கு நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. சாதி பதிவாகிறது, பாலியல் வன்முறையும் நிலப் பங்கும் விடுபடுகின்றன.

நாவலைச் சாதிக் கொடுமையின் கதையாக மட்டும் வாசிக்கும் விமர்சகர் அந்த மனுவையே மறுபடி எழுதுகிறார். ஆணாதிக்கத்தின் கதையாக மட்டும் வாசித்தாலோ, உடையாரின் மனைவியும் தங்கமும் ஒரே வரிசையில் நின்றுவிடுவார்கள்.

அதே 1989இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா, ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கை வைத்து இதைத்தான் விளக்கினார். அங்கே வேலை பெற்ற கறுப்பர்கள் ஆண்கள். வேலை பெற்ற பெண்கள் வெள்ளையர்கள். கறுப்பினப் பெண்ணின் இழப்பு இரண்டு கணக்கிலும் ஏறவில்லை. இந்தியாவில் கோபால் குரு 1995இலும் சர்மிளா ரெகே 1998இலும் தலித் பெண்களின் தனிக்குரல் பற்றிய விவாதத்தை முன்னெடுத்தார்கள். கோட்பாடு பேசிய இடத்துக்கு நாவல் முன்பே வந்து சேர்ந்திருந்தது.

காத்தமுத்துவின் வீட்டையும் சிவகாமி விட்டுவைக்கவில்லை. கனகவல்லி, நாகமணி என இரு மனைவியர். அடைக்கலம் தேடி வந்த தங்கமும் பின்னர் அவருடைய அதிகாரத்துக்குள் இழுக்கப்படுகிறாள். மகள் கௌரி எல்லாவற்றையும் பார்க்கிறாள், கேள்வி கேட்கிறாள். நம் தலைவரை நாமே விமர்சித்தால் எதிரிக்கு லாபம் என்ற வாதம் நமக்குப் பழக்கமானது. அந்த வாதத்துக்கான விலையை ஒவ்வொரு முறையும் தங்கம்தான் கொடுக்கிறாள். பின்னாளில் எழுதிய ‘ஆசிரியர் குறிப்பு’ மூலம் சிவகாமி தன் நாவலையே விசாரணைக்கு உட்படுத்தினார். அந்தத் துணிச்சல் இயக்கத்துக்கும் வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 1989இல் வந்ததுதான். ஆதிக்க நிலையைப் பயன்படுத்தித் தலித் பெண்ணைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்குவதை அது தனிக் குற்றமாகவே சொன்னது. எனவே உண்மையறியும் குழுவில் போகிறவர்கள், புகார் எழுதித் தருகிறவர்கள், அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே எழுதுங்கள். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அவள் தீர்மானிக்கட்டும். எழுதி முடித்ததும் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.