முதியோர் இல்லத்தில் பெற்றோர்: தனிப் பராமரிப்பாளரை அமர்த்தும் முன்...

வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் சகோதரர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். "ஹஜ்ரத், அம்மாவைக் கோயம்புத்தூர்ல ஒரு முதியோர் குடியிருப்புல சேர்த்திருக்கோம். மாசாமாசம் பணம் கட்டுறோம். ஆனா அம்மா தொழுகையை விட்டுட்டாங்களாம். நீங்க ஒரு தடவை போய் நஸீஹத் பண்ணுங்க" என்றார்.

நம் வீட்டாரையும் அழைத்துக்கொண்டு போனோம். அறை சுத்தமாக இருந்தது, சாப்பாட்டிலும் குறையில்லை. அந்தத் தாய் நம்மிடம் எதுவும் சொல்லவில்லை. நம் வீட்டாரிடம் மட்டும் தனியாகச் சொன்னார். சிறுநீர் அடங்குவதில்லை. ஆடை மாற்ற ஆள் கூப்பிட்டால் சில நாள்களில் ஆண் பணியாளர் வருகிறார். வெட்கப்பட்டுக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். ஈரத் துணியோடு எப்படித் தொழுவது என்று தொழுகையும் நின்றுபோனது. இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் வேறு.

நஸீஹத் தேவைப்பட்டது அந்தத் தாய்க்கு அல்ல. "பணம் கட்டிவிட்டோம், எல்லாம் நடக்கும்" என்று நம்பியிருந்த பிள்ளைகளுக்குத்தான்.

இல்லம் எதைத் தரும், எதைத் தராது?

தங்குமிடம், உணவு, அறைச் சுத்தம், அவசர அழைப்பு மணி, அவ்வப்போது மருத்துவர் வருகை. பெரும்பாலான கட்டண இல்லங்களில் மாதக் கட்டணத்திற்குள் அடங்குபவை இவைதான். ஒருவரைக் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, இரவில் உடனிருப்பது போன்றவை பல இடங்களில் தனிச் சேவை. நடமாடும் நிலையில் சேர்ந்தவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடுகிறார். ஒப்பந்தமோ பழையதாகவே இருக்கிறது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் தனிப் பராமரிப்பாளர் தேவைப்படுகிறார்.

தேவையை எப்படி அளப்பது?

குளித்தல், உடுத்துதல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், மலஜலத்தை அடக்குதல், உண்ணுதல். முதியோர் மருத்துவத்தில் இந்த ஆறு செயல்களை வைத்துத்தான் ஒருவரின் தேவையைக் கணக்கிடுகிறார்கள். இவற்றில் எதைத் தாமாகச் செய்கிறார், எதற்கு ஆள் வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். ஒன்றிரண்டுக்கு மட்டும் உதவி வேண்டுமென்றால் காலையில் சில மணி நேரம் ஆள் வந்தால் போதும். பாதிக்கு மேல் என்றால் 12 மணி நேரமோ 24 மணி நேரமோ ஆள் வேண்டியிருக்கும்.

இதைப் பெற்றோரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். பிள்ளைகள் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் பேசி முடித்துவிட்டு, முன்பின் தெரியாத ஒருவரைத் திடீரென்று அறைக்கு அனுப்புவது அவர்களுக்கு அவமானமாகத் தோன்றும்.

ஆள் அமர்த்தும்போது

முதலில் இல்ல நிர்வாகத்தின் அனுமதியைப் பெறுங்கள். வெளி ஆளை அனுமதிப்பார்களா, அவருக்குச் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள்.

இரண்டாவது, உதவியாளர் வேறு, செவிலியர் வேறு. குளிப்பாட்ட, நடக்க வைக்க, ஊட்டிவிடப் பயிற்சி பெற்ற உதவியாளர் போதும். ஊசி போட, சிறுநீர்க் குழாய் மாற்ற, ஆழமான புண்ணுக்குக் கட்டுப்போட, முறையாகப் பதிவுபெற்ற செவிலியர்தான் வேண்டும். 'நர்ஸ்' என்று முகவர் சொன்னால் பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

மூன்றாவது, பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண். குளிப்பாட்டுவதும் சுத்தம் செய்வதும் அவ்ரத் சம்பந்தப்பட்டவை. வேறு வழியே இல்லாத நிர்ப்பந்தத்தில் மார்க்கம் சலுகை தருகிறது. ஆனால் ஆள் தேடும் சிரமத்தை நிர்ப்பந்தம் என்று சொல்ல முடியாது.

நான்காவது, எழுத்தில் ஒப்பந்தம். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. வேலை நேரம், சம்பளம், வார விடுப்பு, அவர் வராத நாளில் மாற்று ஆள் யார் என்பதையெல்லாம் எழுதுங்கள். அடையாள அட்டை நகலை வாங்குங்கள். காவல்துறைச் சரிபார்ப்பும் நல்லது. நகை, ஏடிஎம் அட்டை, ரகசிய எண் எதையும் பராமரிப்பாளரின் பொறுப்பில் விடாதீர்கள். அவர் மீது சந்தேகம் வராமல் இருக்கவும் அதுவே வழி.

ஐந்தாவது, அறையில் ஒரு நோட்டு. மருந்து கொடுத்த நேரம், இரத்த அழுத்தம், சர்க்கரை, மலம் கழித்த நாள், தோலில் சிவப்பு ஏதும் உண்டா என்று தினமும் எழுதச் சொல்லுங்கள். படுக்கையிலேயே இருப்பவரைச் சுமார் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் புண் வரும். அந்தப் பக்கத்தைத் தினமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். வீடியோ அழைப்பில் முகம்தான் தெரியும், முதுகு தெரியாது. ஊரிலுள்ள உறவினர் ஒருவர் முன்னறிவிப்பின்றி அவ்வப்போது போய்ப் பார்க்கட்டும்.

சம்பளமும் ஜகாத்தும்

தொழிலாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். பராமரிப்பாளரின் சம்பளம் தாமதமானால் அதன் விளைவு படுக்கையில் கிடப்பவர் மீதுதான் விழும்.

பெற்றோருக்குச் செலவு செய்வது பிள்ளைகளின் கடமை. ஆகவே அந்தச் செலவை ஜகாத்தில் கணக்கிடக் கூடாது. பராமரிப்பாளர் ஏழையாக இருந்தால் அவருக்கு ஜகாத் தரலாம். சம்பளத்திற்குப் பதிலாகத் தரக் கூடாது.

தொழுகையும் நோன்பும்

சிறுநீர் அடங்காதவர் ஒவ்வொரு தொழுகையின் நேரம் வந்ததும் சுத்தம் செய்து, உறிஞ்சு துணி வைத்து, உளூ செய்து தொழலாம். அதற்குப் பின் கசிந்தாலும் தொழுகை கூடும். தண்ணீர் ஆகாதவருக்குத் தயம்மும். நிற்க முடியாதவர் உட்கார்ந்து, அதுவும் முடியாதவர் படுத்தபடி தொழலாம். நோன்பு வைக்க இனி இயலாது என்ற நிலையில் உள்ளவர் ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவு என ஃபித்யா கொடுப்பார். ஷாஃபி, ஹனஃபி சட்டங்களில் அளவு மாறுபடும் என்பதால் உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பராமரிப்பாளர் பிற சமயத்தவராக இருந்தாலும் உளூவுக்குத் தண்ணீர் எடுத்து வைக்க, கிப்லா பக்கம் நாற்காலியைத் திருப்ப, சொல்லிக் கொடுத்தால் அன்போடு செய்வார்.

சட்டம்

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் எல்லாச் சமயத்தவருக்கும் பொருந்தும். பராமரிக்காத பிள்ளைகள் மீது தீர்ப்பாயத்தில் பெற்றோர் மனுச் செய்யலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்யக் கோர 23-வது பிரிவு வழி செய்கிறது. வீட்டை ஹிபாவாக எழுதும் பெற்றோர் இந்த நிபந்தனையை ஆவணத்திலேயே குறிப்பிடுவது நல்லது. மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567.

அந்தத் தாய்க்கு இப்போது பகலில் ஒரு பெண் உதவியாளர் இருக்கிறார். புண் ஆறப் பல வாரங்கள் ஆயின. நாற்காலியில் அமர்ந்து ஐந்து வேளையும் தொழுகிறார். பெற்றோர் முதுமையை "உன்னிடத்தில்" அடைவதைப் பற்றித் திருக்குர்ஆன் (17:23) பேசுகிறது. அவர்கள் வேறு கூரையின் கீழ் இருந்தாலும் நம் பொறுப்பிலிருந்து விலகிவிடவில்லை. மாதக் கட்டணம் கட்டிய ரசீதைப் பார்ப்பதோடு, "ராத்திரி யாரைக் கூப்பிடுறீங்கம்மா?" என்று இன்றே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நம் பெற்றோரின் கண்ணியம் காக்கும் பிள்ளைகளாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.