வாயு என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம்

நள்ளிரவில் தொடங்கிய நெஞ்சுவலியோடு விடிந்தபின் வந்து சேருவோரிடம், "ஏன் இவ்வளவு நேரம் தாமதித்தீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றுதான்: "வாயு என்று நினைத்தோம், டாக்டர்." சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்து, ஏப்பம் வந்ததும் சற்று ஆறுதலடைந்து காத்திருந்திருப்பார்கள்.

இந்தக் குழப்பத்திற்குக் காரணம் உண்டு. இதயத்தின் அடிப்பகுதி, வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் உதரவிதானத்தின் மேல் அமர்ந்துள்ளது. அப்பகுதிக்கு இரத்தம் தடைபட்டால் மேல்வயிற்றில் எரிச்சல், குமட்டல், வாந்தி ஆகியவை தோன்றலாம். ஆகவே, ஏப்பம் விட்டதும் வலி குறைந்தது என்பது இதயம் நலமாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது.

நடுமார்பில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், இடக்கை, தோள், தாடை, முதுகு ஆகியவற்றிற்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். நீரிழிவு நோயாளர், முதியோர், பெண்கள் ஆகியோரிடம் வலியே இல்லாமல் திடீர்க் களைப்பும் மூச்சிரைப்பும் மட்டுமே தோன்றக்கூடும்.

சிலருக்கு மாரடைப்பிற்குச் சில நாட்கள் அல்லது வாரங்கள் முன்பே எச்சரிக்கை கிடைக்கிறது. மாடிப்படி ஏறும்போதோ, உண்டபின் நடக்கும்போதோ மார்பு இறுகும், நின்றால் தணியும். தணிந்துவிடுவதாலேயே அதை மறந்துவிடுகிறோம். இத்தகைய இறுக்கம் புதிதாகத் தோன்றினால் ஓரிரு நாட்களுக்குள் மருத்துவரைக் காணுங்கள். முன்னைவிடக் குறைந்த உழைப்பிலோ, ஓய்விலோ வந்தால் அன்றே வாருங்கள்.

வலி சில நிமிடங்களில் தணியவில்லையெனில் 108-ஐ அழையுங்கள். நோயாளரை நடக்கவிடாமல் அமரச் செய்யுங்கள். இருசக்கர வாகனத்தில் அழைத்து வராதீர்கள். வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; சிகிச்சை முறையைத் தீர்மானிக்க அது எங்களுக்குத் தேவை. தொலைவிலுள்ள ஊர்களில் இருப்போர், அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையும் நாடலாம். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ் முதலுதவி மாத்திரைகள் அங்கே அளிக்கப்பட்டு, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகின்றனர்.

முதல் இ.சி.ஜி. இயல்பாக இருந்தாலும் உடனே வீடு திரும்ப அவசரப்படாதீர்கள். சில மணி நேரம் கழித்து மீண்டும் எடுக்கும் இ.சி.ஜி.யும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையுமே பல வேளைகளில் உண்மையைக் காட்டுகின்றன.

குடும்பத்தினருக்கு ஒரு சொல்: "ஒன்றுமில்லை, படுத்தால் சரியாகிவிடும்" என்று சொல்பவர் பெரும்பாலும் நோயாளரே. அம்முடிவை அவரிடம் விட்டுவிடாதீர்கள். பரிசோதித்தபின் அது வாயுதான் என்று தெரிந்தால், உங்களைவிட அதிகம் மகிழ்பவர்கள் நாங்களாகவே இருப்போம்.