நட்சத்திரத்துக்கு வால் முளைத்தது ஏன்? குமரி மொட்டை மாடியில் துப்பு துலங்கியது!

நாகர்கோவில்:

ராத்திரி பூரா கண் விழித்து எடுத்த படம். காலையில் பார்த்தால் நட்சத்திரம் எல்லாம் அரிசி மாதிரி நீண்டு கிடக்கிறது!

டெலஸ்கோப் வாங்கி வானத்தைப் படம் பிடிக்கக் கிளம்பியவர்களுக்கு நேரும் சோகம் இது. "கேமரா சரியில்லை" என்று கடைக்காரர் மீது பாய்வார்கள். உண்மைக் குற்றவாளி பெரும்பாலும் கேமரா அல்ல.

குமரி மாவட்டத்தில் இந்த நஷ்டம் லேசுப்பட்டது இல்லை. இங்கே இரண்டு பருவமழையும் கொட்டும். தெளிந்த வானம் முக்கியமாக ஜனவரி முதல் மார்ச் வரைதான். அதிலும் நிலா இல்லாத ராத்திரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒன்றைக் கோட்டைவிட்டால் அடுத்த அமாவாசை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஆடும் பல்சக்கரம்

பூமி சுற்றுவதால், வானம் ஒவ்வொரு விநாடியும் 15 'ஆர்க் விநாடி' தூரம் நகர்கிறது. ஆர்க் விநாடி என்றால் என்ன? ஒரு ரூபாய் நாணயத்தை நாலு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வைத்தால் எவ்வளவு அகலம் தெரியுமோ, அவ்வளவுதான்!

டெலஸ்கோப்பைத் தாங்கும் 'மவுண்ட்' மோட்டார் மூலம் இந்த ஓட்டத்தைத் துரத்துகிறது. ஆனால் அதன் பல்சக்கரம் நூற்றுக்கு நூறு சுத்தமாக இருப்பதில்லை. எட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்றாக முன்னும் பின்னும் ஆடும். சாதாரண மவுண்டில் 20, 30 ஆர்க் விநாடிகூட ஆடும். நட்சத்திரத்துக்கு வால் முளைப்பது இங்கேதான்.

இதற்குக் காவல் போடுவதுதான் 'ஆட்டோ கைடர்'. தனியாக ஒரு சின்னக் கேமரா ஒரே நட்சத்திரத்தைக் கண் கொட்டாமல் பார்க்கும். அது இம்மி விலகினாலும் கம்ப்யூட்டர் மவுண்டைத் தட்டிச் சரி செய்யும்.

காவலூரில் சிக்கியவர்

போட்டோ தட்டுக் காலத்தில் இந்தக் காவலை மனிதர்களே பார்த்தார்கள். பனியில் நின்று, குறுக்குக் கம்பியில் நட்சத்திரத்தை வைத்து, விலகும்போதெல்லாம் பொத்தானை அமுக்குவார்கள்.

காவல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகமே சாட்சி. 1988 பிப்ரவரி 17-ந்தேதி அங்கே 45 செ.மீ. ஷ்மிட் டெலஸ்கோப் மூலம் ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது. எண் 4130.

சிறுகோளும் பார்வைக்கு நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளிதான். நேரம் விட்டு எடுத்த படங்களை ஒப்பிட்டால், இடம் மாறிய புள்ளி மாட்டிக்கொள்ளும். எல்லா நட்சத்திரமும் இழுபட்டுக் கிடந்தால் யாரைப் பிடிப்பது?

குமரியில் ஒரு கஷ்டம், ஒரு லாபம்

மவுண்டின் அச்சு வானத்தின் வட துருவத்தை நோக்க வேண்டும். துருவ நட்சத்திரம் டெல்லியில் சுமார் 28 டிகிரி உயரத்தில் தெரியும். கன்னியாகுமரியில் வெறும் 8 டிகிரி! மலையடிவார ஊர் என்றால் மலையே மறைத்துவிடும்.

அதற்கும் வழி உண்டு. உச்சிக்கு அருகே ஒரு நட்சத்திரம், கிழக்கே ஒரு நட்சத்திரம். அவை வடக்கிலோ தெற்கிலோ நழுவுகின்றனவா என்று சில நிமிடம் கவனித்து அச்சைத் திருத்த வேண்டும்.

லாபம் என்ன? ஆட்டோ கைடருக்கு முதலில் பாடம் சொல்லித் தர வேண்டும். மேற்கே இத்தனை தட்டு, வடக்கே இத்தனை தட்டு, நட்சத்திரம் எவ்வளவு நகர்ந்தது என்று அது அளந்துகொள்ளும். இதுதான் 'காலிப்ரேஷன்'. வான நடுக்கோட்டுக்கு அருகே செய்தால்தான் அளவு சரியாக வரும். அந்தக் கோடு குமரியில் ஏறக்குறைய தலைக்கு மேலேயே போகிறது! பிப்ரவரி நடுவில் இரவு 8 மணி வாக்கில் உச்சியில் நிற்கும் ஓரியன் இடுப்புப் பட்டை மூன்று நட்சத்திரங்கள் அதற்கு அடையாளம்.

அவசர அடி ஆபத்து

பலர் தவறுவது அடுத்த கட்டத்தில். நட்சத்திரம் விலகியதும் முழு வேகத்தில் திருத்தச் சொல்லி 100 சதவீதம் வைத்துவிடுகிறார்கள். காற்றில் மினுக்குவதைக்கூட ஓட்டம் என்று நினைத்துக் கருவி அடிக்கும். அடி கூடிப்போய் அந்தப் பக்கம் தள்ளும். மறுபடி இந்தப் பக்கம் இழுக்கும். காவல்காரனே களேபரம் செய்த கதைதான்!

60, 70 சதவீதத்தில் ஆரம்பிப்பது நல்லது. காவல் கேமரா ஒவ்வொரு முறையும் 2, 3 விநாடி பார்த்தால் மினுக்கல் அடங்கிவிடும். சின்ன விலகலைக் கண்டும் காணாமல் விடச் சொல்லும் அமைப்பும் உண்டு. சக்கரத்தில் 'பிளே' இருந்தால் முதல் சில தட்டு வீணாகும். அதை மெக்கானிக் வேலையாகவே சரி செய்ய வேண்டும். காவல் கேமராவைத் திருப்பி மாட்டினால் பழைய பாடம் செல்லாது, மறுபடி காலிப்ரேஷன்தான்.

காற்றுக்கு மட்டும் எந்த எண்ணும் உதவாது. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் ஆரல்வாய்மொழிக் காற்று டெலஸ்கோப்பை விட்டு வைக்குமா? சுவர் மறைவுதான் மருந்து.

அடுத்த அமாவாசைக்கு மாடி ஏறுகிறவர்கள் படம் எடுக்க அவசரப்பட வேண்டாம். முதல் அரை மணி நேரத்தைக் காவல்காரனுக்குக் கொடுக்கட்டும். மீதி ராத்திரி முழுக்க அவன் பார்த்துக்கொள்வான்!