பிள்ளைப்பேற்றில் பழகிய வழியும் பரீட்சித்த வழியும்

புதிய இன நெல்லொன்று நன்றாக விளையும் என்று எவராவது சொன்னால், அனுபவமுள்ள விவசாயி வட்டை முழுவதிலும் அதை விதைத்துவிட மாட்டார். ஒரு வரவையில் புதியதையும் பக்கத்து வரவையில் பழையதையும் விதைப்பார். இரண்டுக்கும் ஒரே தண்ணீர், ஒரே பசளை. அறுவடையின்போது மூடைகளை எண்ணிப் பார்த்த பின்னரே முடிவெடுப்பார். சொன்னவர் பெரியவரா சிறியவரா என்பதைவிட, விளைச்சல் என்ன என்பதே அவருக்கு முக்கியம்.

பிள்ளைப்பேற்றுப் பராமரிப்பிலும் இன்று இந்த வழியே வேண்டப்படுகிறது. ஒரு முறை பழையது என்பதற்காகவோ புதியது என்பதற்காகவோ அல்ல, பரீட்சித்துப் பார்த்ததில் தாய்க்கும் பிள்ளைக்கும் நன்மை தந்தது என்பதற்காகவே அதைக் கைக்கொள்ள வேண்டும். இதனையே சான்றின் அடிப்படையிலான மகப்பேற்றுப் பராமரிப்பு என்கிறார்கள்.

வயலிலிருந்து வைத்தியசாலைக்கு

இந்தப் பரீட்சை முறை உண்மையில் வயலிலேதான் வளர்ந்தது. இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1920களில் பணியாற்றிய ரொனால்ட் பிஷர், எந்தப் பாத்திக்கு எந்தப் பசளை என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோலத் தீர்மானிக்க வேண்டும் என்றார். நல்ல மண்ணுக்கு நல்ல பசளை என்று நாமே தெரிந்து கொடுத்தால், விளைச்சல் மண்ணாலா பசளையாலா என்று தெரியாமற் போய்விடும் அல்லவா? பின்னர் வைத்தியர்களும் இம்முறையைக் கைக்கொண்டனர்.

அதற்கு முன்னரும் கணக்குப் பார்த்து உயிர் காத்தவர்கள் இருந்தார்கள். வியன்னா நகரப் பெரிய வைத்தியசாலையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் வைத்திய மாணவரும் மற்றதில் மருத்துவமாதரும் பயிற்சி பெற்றனர். வைத்திய மாணவரின் பிரிவிலேயே தாய்மார் அதிகமாக இறந்தனர். பிணப் பரிசோதனை செய்த கையோடு அவர்கள் பிரசவம் பார்ப்பதே காரணம் என்று கண்ட செம்மல்வைஸ் என்ற வைத்தியர், 1847இல் குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவும்படி கட்டளையிட்டார். 1846இல் அப்பிரிவில் நூறு தாய்மாரில் ஏறத்தாழ 11 பேர் இறந்தனர். 1848இல் அது ஏறத்தாழ ஒருவராகக் குறைந்தது. எனினும் மூத்த வைத்தியர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. பழக்கம் அவ்வளவு வலியது.

எமது நாட்டின் அனுபவம்

கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை 1879இல் திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அதன் பின் பயிற்சி பெற்ற மருத்துவமாது வீடு தேடி வரும் முறை நாடெங்கும் பரவியது. 1930களில் இலங்கையில் ஆயிரம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 20 தாய்மார் இறந்தனர். 2010களில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கே 40க்கும் குறைவானோர் இறந்தனர். மலேரியா ஒழிப்பு, பெண் கல்வி, இரத்த வங்கி, மருந்துகள் என்று காரணங்கள் பல. எமது வீட்டுப் படலையில் வந்து நிற்கும் மருத்துவமாதும் அவற்றுள் ஒருவர்.

1985 முதல் பிரசவத்தோடு தொடர்புடைய ஒவ்வொரு தாயின் மரணமும் அறிவிக்கப்பட்டு, காரணம் ஆராயப்படுகிறது.

வைத்தியசாலையும் திருந்த வேண்டியிருந்தது

பரீட்சை முறை வைத்தியசாலைப் பழக்கங்களையும் விட்டுவைக்கவில்லை. பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு மயிர் மழிப்பது, எனிமா கொடுப்பது, மல்லாந்தே கிடக்க வைப்பது, எல்லோருக்கும் பிறப்புவாயில் வெட்டுப் போடுவது, பிள்ளை வர வயிற்றை அழுத்துவது ஆகியவை பல நாடுகளில் நெடுங்காலம் வழக்கமாயிருந்தன. இவற்றை வழமையாகச் செய்வதால் நன்மை இல்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. 2018இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலும் இதையே சொல்கிறது. தேவையான இடத்தில் வெட்டுப் போடுவது வேறு, எல்லோருக்கும் போடுவது வேறு.

எமது பாட்டிமாரின் சில பழக்கங்கள் சரியென்றும் தெரிந்தது. நோவெடுத்த பெண்ணை நடமாட விடுவதும், விரும்பிய நிலையில் இருக்க விடுவதும் நல்லது. நம்பிக்கையான ஒரு பெண் பக்கத்திலிருந்து தைரியம் சொல்வதும் நல்லது. 15,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்குபற்றிய 26 ஆய்வுகளை 2017இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, தொடர்ந்து துணை கிடைத்தவர்களுக்குச் சத்திரசிகிச்சை குறைந்து, இயல்பான பிரசவம் கூடியிருந்தது. துணைக்கு ஒருவர் நிற்கலாமா என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

வீட்டுப் பழக்கங்களில் எதை வைப்பது, எதை விடுவது?

சீம்பாலைப் பீச்சி ஊற்றக் கூடாது. அது பிள்ளையை நோயிலிருந்து காக்கிறது. பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். முதல் ஆறு மாதமும் சீனித்தண்ணீரோ தேனோ வேண்டாம். கொப்பூழில் சாம்பல், எண்ணெய், சாணம் எதுவும் பூச வேண்டாம். சுத்தமாகவும் உலர்வாகவும் விட்டாற் போதும். பிள்ளையை முதல் நாளே குளிப்பாட்டாமல், தாயின் நெஞ்சோடு அணைத்துச் சூடு காக்க வேண்டும்.

பத்தியக் கறியும் சரக்கும் உடம்புக்கு ஒத்துக்கொண்டால் உண்ணலாம். ஆனால் பத்தியம் என்று சொல்லித் தண்ணீரையும் மீனையும் மரக்கறியையும் மறுப்பது பால் கொடுக்கும் தாயை வாட்டும். இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடு விழுங்க வேண்டாம். தேநீர் அந்தச் சத்தை உடம்பிற் சேரவிடாது.

இரத்தப்போக்கு: காத்திருக்க நேரமில்லை

பிள்ளை பிறந்த பின் ஏற்படும் பெருக்கே தாயின் உயிரை மிக விரைவாகப் பறிப்பது. பிறந்தவுடன் தாய்க்குப் போடும் ஒக்சிரோசின் ஊசி கருப்பையைச் சுருங்கச் செய்து இதைத் தடுக்கிறது. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 21 நாடுகளின் ஏறத்தாழ 20,000 தாய்மார் பங்குகொண்டனர். பெருக்கு ஏற்பட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் ரனெக்சாமிக் அமிலம் கொடுத்தால் அதனால் நிகழும் மரணம் குறைகிறது என்று அது காட்டியது. 2023இல் நான்கு ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்த ஆய்வு இன்னும் எளிய பாடம் தந்தது. இரத்தத்தைக் கண்மதிப்பாகப் பாராமல் அளவிட்ட பையில் ஏந்தி அளந்து, வேண்டிய சிகிச்சைகளை ஒன்றாக உடனே தொடங்கியபோது, கடும் பெருக்கும் அதனோடு சேர்ந்த ஆபத்துகளும் 60 வீதம் குறைந்தன.

இந்த ஊசிகள் வைத்தியசாலையிலேயே உண்டு. வீட்டில் பிரசவம் பார்ப்பதன் ஆபத்து மருத்துவிச்சியின் கைப்பழக்கத்தில் மட்டும் இல்லை. பெருக்கெடுத்தால் அங்கே மருந்து இல்லை என்பதே பெரிய ஆபத்து.

இடம்பெயர்ந்து வாழும்போது

2007 மார்ச்சில் படுவான்கரையிலிருந்து பெருந்தொகையான குடும்பங்கள் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தன. அன்று மண்முனையில் பாலம் இல்லை. அங்கே கடப்பவர்களுக்குப் பாதையும் தோணியுமே இருந்தன. பாலம் 2014இல் திறக்கப்பட்டது. பாலம் வந்தாலும், இடம் மாறிய கர்ப்பிணிக்கு ஒரு கஷ்டம் மாறவில்லை. அவளை அறிந்த மருத்துவமாது ஓரிடத்தில், அவள் வேறிடத்தில். ஆகவே,

1. கர்ப்பகால அட்டையைப் பொலித்தீன் பையிற் சுற்றி, அடையாள அட்டையோடு வையுங்கள். இரத்த வகையும் அமுக்கமும் முந்திய பிரசவ விபரமும் அதில் உண்டு.

2. நண்பர் வீடோ முகாமோ, எங்கே தங்கினாலும் அப்பகுதி மருத்துவமாதிடம் உடனே பதியுங்கள். ஆரையம்பதிப் பக்கம் தங்கியிருப்போர் ஆரையம்பதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரிக்கலாம். நிரந்தர விலாசம் இல்லையே என்று தயங்க வேண்டாம்.

3. கடும் தலையிடி, கண் மங்கல், முகம் கை வீக்கம், வலிப்பு, இரத்தம் படுதல், நீர்க்குடம் உடைதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல், காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். வலிப்பு வரக்கூடிய தாய்க்கு மக்னீசியம் சல்பேற்று கொடுத்தால் அந்த ஆபத்துப் பாதியாகக் குறையும் என்பது 2002இல் 33 நாடுகளின் ஆய்வில் உறுதியானது. ஆனால் மருந்து இருக்கும் இடத்துக்கு அவள் போய்ச் சேர வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

4. எந்தச் சிகிச்சையானாலும் "இது ஏன், இதனால் என்ன நன்மை?" என்று பணிவோடு கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல.

யாத்திராகமத்தில் வரும் சிப்பிராளும் பூவாளும் அரசனின் கட்டளையிலும் பிள்ளையின் உயிரே பெரிதென்று எண்ணிய மருத்துவிச்சிகள். வழக்கம் சொன்னாலும் அதிகாரம் சொன்னாலும், இதனால் தாயும் பிள்ளையும் பிழைப்பார்களா என்று கேட்பதே அந்தத் தொழிலின் அறம். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை எமது தாய்மாருக்கும் உண்டு.